ஸ்னோஷூ மலைக்குப் போகும் முன்: டவுன்ஹில் சைக்கிள் பந்தயமும் அப்பலாச்சிய ஊர்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் இருப்பது வடக்கு வர்ஜீனியாவில். 2019 செப்டம்பரில் வெஸ்ட் வர்ஜீனியா ஸ்னோஷூ மலையில் உலகக்கோப்பை டவுன்ஹில் பந்தயம் பார்க்கப் போனேன், அன்றிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது போய்வருகிறேன். போய்வந்த ஒவ்வொரு முறையும் நண்பர்கள் கேட்பது ஒரே மாதிரி கேள்விகள்தான். பாதி சைக்கிளைப் பற்றி, பாதி அந்த அப்பலாச்சிய (கிழக்கு அமெரிக்க மலைத்தொடர்) மலை ஜனங்களைப் பற்றி. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

டவுன்ஹில்னா என்ன? மலையில இருந்து சைக்கிள்ல இறங்குறதுக்கு ஒரு பந்தயமா?

ஆமாம். மலை உச்சியில் ஒரு தொடக்க மேடை, அடிவாரத்தில் முடிவுக்கோடு, நடுவில் பாறையும் வேரும் தாவல்களும் நிறைந்த ஒற்றைத் தடம். எல்லாரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக, கடிகாரத்தோடு மட்டும் போட்டி. சர்வதேச விதிப்படி தடத்தின் நீளம் ஒன்றரை கிலோமீட்டரிலிருந்து மூன்றரை கிலோமீட்டர் வரை, இறங்கும் நேரம் 2 முதல் 5 நிமிடம். இறுதிச் சுற்றில், தகுதிச் சுற்றில் பின்தங்கியவர்கள் முதலில் கிளம்புவார்கள், வேகமானவர் கடைசியில். அதுவரை யார் நேரம் குறைவோ அவருக்கென்று அடிவாரத்தில் ஒரு நாற்காலி இருக்கும், அதில் உட்கார்ந்தபடி அடுத்தடுத்து இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த முகத்தைப் பார்ப்பதே பாதிப் பந்தயம்.

மிதிக்கிற வேலை குறைவு என்பதால் சுலபம் என்று நினைக்காதீர்கள். மூன்று நிமிடம் முழுக்க உடம்பு நின்ற நிலையில், முன்னங்கை இறுகி, விரல் பிரேக்கை விட்டுவிடுமோ என்கிற அளவுக்கு வலிக்கும். கோட்டை, அதாவது தடத்தில் இறங்கத் தேர்ந்தெடுக்கும் வழியை, தவறாகப் பிடித்தால் அரை விநாடி போச்சு, உலகக்கோப்பையில் அரை விநாடி என்றால் நாலைந்து இடம் கீழே.

எங்கிட்ட ஒரு மவுண்டன் பைக் இருக்கு, அதையே எடுத்துட்டு வரலாமா?

தரை சமமான காட்டுப் பாதைக்கு வரலாம், பந்தயத் தடத்துக்கு வேண்டாம். டவுன்ஹில் சைக்கிள் வேறு ஜாதி. முன் ஃபோர்க் 200 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும், மோட்டார் சைக்கிளில் இருப்பது போல மேலும் கீழும் இரண்டு பிடிப்புகளோடு இருக்கும். பின்சக்கரத்துக்கும் தனியாக ஷாக். எடை 15 முதல் 17 கிலோ. இப்போது பலர் முன்னால் 29 அங்குலச் சக்கரம், பின்னால் 27.5 அங்குலம் வைத்து ஓட்டுகிறார்கள், 2019-இல்தான் பந்தயத்தில் அதற்கு அனுமதி வந்தது. முன்சக்கரம் பெரிதாக இருந்தால் பாறை மேல் சுலபமாக ஏறிப் போகும், பின்சக்கரம் சிறிதாக இருந்தால் செங்குத்தில் உடம்பைப் பின்னால் தள்ளும்போது டயர் இடிக்காது.

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை இல்லாமல் போகவே கூடாது. இதெல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், சைக்கிளும்தான். முதல் தடவை வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்னோஷூ எங்க இருக்கு, எப்படிப் போறது?

வெஸ்ட் வர்ஜீனியாவின் கிழக்கு ஓரம், போகஹாண்டஸ் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி). உச்சி 1,478 மீட்டர். மற்ற மலை விடுதிகளில் ஊர் கீழே, சரிவு மேலே. இங்கே தலைகீழ்: அறை, கடை, சாப்பாடு எல்லாம் உச்சியில். காலையில் அறையை விட்டு வெளியே வந்தால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். பனிக்காலத்தில் பனிச்சறுக்கு, கோடையில் அதே நாற்காலி லிஃப்டில் சைக்கிளை மாட்டி மேலே அனுப்புவார்கள். விடுதி தொடங்கியது 1974-இல்.

வாஷிங்டன் பக்கமிருந்து வந்தால் நாலு, நாலரை மணி நேரம். ஸ்டான்டன் தாண்டி 250-ஆம் எண் சாலையைப் பிடித்தால் ஒன்றன் பின் ஒன்றாக மலைகள் ஏறி இறங்கும். பின்சீட்டில் உட்காருகிறவர்களுக்கு வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்டனிலேயே பெட்ரோல் போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு பங்க் தூர தூரமாகத்தான் வரும்.

வெஸ்ட் வர்ஜீனியாவும் வர்ஜீனியாவும் ஒண்ணுதானே?

இல்லை. இதை அங்கே போய்க் கேட்டுவிடாதீர்கள். உள்நாட்டுப் போரில் வர்ஜீனியா ஐக்கிய அமெரிக்காவிலிருந்து பிரிந்தபோது, அதன் மேற்கு மலைப்பகுதி அந்தப் பிரிவினையோடு போக மறுத்து, 1863 ஜூன் 20-இல் தனி மாநிலமானது. ஜூன் 20 அங்கே இன்றும் விடுமுறை. 160 வருஷத்துக்கு மேலாகியும் வெளியூர்க்காரர்கள் "வர்ஜீனியாவின் மேற்குப் பகுதியா?" என்று கேட்பது அவர்களுக்கு வலிக்கிறது.

அப்பலேஷியாவா, அப்பலாச்சாவா? எப்படிச் சொல்லணும்?

தெற்கு, நடு மலைப்பகுதிகளில் பெரும்பாலோர் "அப்பலாச்சா" என்பார்கள், "லாச்" என்பதை அழுத்தி. வடக்கே போகப் போக "அப்பலேஷா" ஆகிவிடும். அகராதியில் இரண்டும் உண்டு. ஆனால் பல பத்தாண்டுகளாக வெளியிலிருந்து வந்து இவர்களைப் பற்றிப் பேசியவர்கள், திட்டம் போட்டவர்கள், செய்தி எடுத்தவர்கள் "லேஷா" என்றே சொன்னதால், அந்த உச்சரிப்பைக் கேட்டாலே "இவர் நம்மைப் பற்றிப் பேச வந்தவர், நம்மோடு பேச வந்தவர் இல்லை" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நம் ஊர்ப் பெயரை ஒருவர் நாம் சொல்கிற மாதிரியே சொன்னால் நமக்கு எப்படி இருக்கும், அதுபோலத்தான். நான் இங்கே அப்பலாச்சியா என்று எழுதுவது தமிழில் வாசிக்க வசதிக்காக.

இன்னொரு சொல்லையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஹாலர். இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவில் ஓடை போகிற குறுகிய பள்ளம். வழி கேட்டால் "அந்த ஹாலருக்குள்ள போங்க" என்பார்கள். அங்கே முகவரியும் அதுதான், சொந்தமும் அதுதான்.

அந்த மலையில போன் வேலை செய்யாதாமே, நிஜமா?

பெரும்பாலும் நிஜம். மலையிலிருந்து சுமார் அரை மணி நேரத் தூரத்தில் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி இருக்கிறது. 100 மீட்டர் அகலக் கிண்ணம், வானத்தில் எந்தப் பக்கமும் திருப்பக்கூடியது, அந்த வகையில் உலகிலேயே பெரியது. பல கோடி ஒளியாண்டு தள்ளி இருந்து வருகிற சன்னமான ரேடியோ அலையைப் பிடிக்க வேண்டுமானால் பக்கத்தில் இரைச்சல் இருக்கக் கூடாது. அதற்காக 1958-இல் சுற்றிலும் 13,000 சதுர மைலை வானொலி அமைதி மண்டலமாக அறிவித்தார்கள். தொலைநோக்கிக்கு மிக அருகில் பெட்ரோல் வண்டியைக்கூட விட மாட்டார்கள், டீசல் வண்டிதான், ஏனென்றால் பெட்ரோல் எஞ்சினின் ஸ்பார்க் பிளக் தெறிக்கும்போது வருகிற அலையையும் அந்தக் கிண்ணம் கேட்டுவிடும். வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடும் முதல் முயற்சி 1960-இல் நடந்ததும் இங்கேதான்.

விடுதியில் வைஃபை இருக்கும். ஆனால் மலைக்கு வரும் வழியில் சிக்னலை நம்பாதீர்கள். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காகித வரைபடம். வீட்டில் "நாலஞ்சு மணி நேரம் போன் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் போய் அம்மா ஊரிலிருந்து இருபது தடவை கூப்பிட்டு அழுத கதை ஒன்று எங்கள் வீட்டில் உண்டு.

ஸ்னோஷூ தடத்துல அப்படி என்ன கஷ்டம்? ஆல்ப்ஸ் மலை எல்லாம் இதைவிடப் பெருசாச்சே?

உயரம் குறைவு, உண்மை. கஷ்டம் தரையில் இருக்கிறது. அந்தக் காடு சிவப்பு ஸ்ப்ரூஸ் மரக்காடு, ஸ்ப்ரூஸ் வேர் ஆழமாகப் போகாது, தரைக்கு மேலேயே கை விரித்த மாதிரி பரந்து கிடக்கும். நான் தடத்தின் ஓரம் குனிந்து ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான டயர் உரசி மேல்பட்டை முழுக்கப் போய், சோப்பு தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது, அதன் மேல் மெல்லிய கருப்புச் சேறு. அதில் டயர் குறுக்காகப் பட்டால் சறுக்கல்தான். எனவே வேருக்கு முன்னால் சைக்கிளைக் கொஞ்சம் தூக்கி, வேரைத் தொடாமலேயே தாண்டிப் போகிறார்கள், அதுவும் அடுத்த பாறைக்கு நேராக இறங்குகிற மாதிரி. அடிக்கடி மழை பெய்யும் மலை அது, காலையில் ஓட்டிப் பார்த்த தடம் மதியத்துக்குள் மாறிவிடும்.

2019 பந்தயத்தில் ஆண்களில் ஜெயித்தது இங்கிலாந்தின் டேனி ஹார்ட், பெண்களில் பிரான்ஸின் மரீன் கபிரூ. ஹார்ட்டைத் தெரியாதவர்களுக்கு: 2011-இல் சுவிட்சர்லாந்தின் சாம்பெரி உலக சாம்பியன்ஷிப்பில் கொட்டும் மழையில் 11 விநாடிக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தவர். 2019-இன் மொத்தப் புள்ளிப் பட்டமும் அன்றைக்கு ஸ்னோஷூவில்தான் முடிவானது: ஆண்களில் லோயிக் ப்ரூனி, பெண்களில் ட்ரேசி ஹன்னா.

பந்தயம் பார்க்கப் போனா எங்க நிக்கணும்?

முடிவுக்கோட்டில் நிற்காதீர்கள், அங்கே திரையில்தான் பார்க்க முடியும். தடத்தோடு காட்டுக்குள் நடந்து ஏறி, பாறை அடர்ந்த ஓர் இடத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். முதலில் கேட்பது மேலே இருக்கும் கூட்டத்தின் சத்தம், அப்புறம் மாட்டுமணி, அப்புறம் உற்சாகத்துக்காகக் கூட்டத்தில் யாரோ சங்கிலியைக் கழற்றிவிட்டு வெறும் எஞ்சினை முறுக்கும் மரமறுக்கும் ரம்பம். அப்புறம் ஒரே நொடி, சேறு தெறிக்க ஒருவர் கடந்து போயிருப்பார். மழைக்கோட்டும், நனைந்தால் பரவாயில்லை என்கிற பூட்ஸும் அவசியம்.

ரம்பம் பல நாட்டுப் பந்தயங்களிலும் கேட்டதுண்டு. ஆனால் இந்த மலையில் அதற்கு வேறொரு பொருளும் இருக்கிறது, அடுத்த பதிலில் சொல்கிறேன்.

அங்க எல்லாரும் நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்க்கிறவங்களா?

மாநிலத்தின் தெற்கிலும் வடக்கிலும் நிலக்கரி. போகஹாண்டஸ் கவுண்டியை வளர்த்தது, வெட்டியது இரண்டுமே மரம். ஸ்னோஷூவுக்குப் பக்கத்தில் காஸ் என்று ஓர் ஊர், காகித நிறுவனம் ஒன்று 1900-களின் தொடக்கத்தில் மரம் வெட்டக் கட்டிய கம்பெனி ஊர். ஒரே மாதிரி வெள்ளை மரவீடுகள் வரிசை வரிசையாக, பலகை நடைபாதை, ஒரு கம்பெனிக் கடை. மரம் அறுக்கும் ஆலை 1960-இல் மூடியது. மரம் இழுத்த தண்டவாளத்தையும் ஷே வகை நீராவி எஞ்சின்களையும் மாநில அரசு வாங்கியது, 1963 முதல் அந்த ரயில் பயணிகளை ஏற்றி மலைக்குக் கொண்டுபோகிறது. ஷே எஞ்சின் சக்கரத்தைப் பல்சக்கரம் வைத்துச் சுழற்றும். வேகம் கிடையாது, ஆனால் 100 அடிக்கு 11 அடி ஏறுகிற சரிவிலும் நின்று நிதானமாக ஏறிவிடும். புகை முகத்தில் அடிக்கும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் இதற்கு அரை நாள் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன்.

இனி ரம்பத்துக்கு வருவோம். ஸ்னோஷூவில் சைக்கிளை மேலே ஏற்றும் ஒரு லிஃப்டின் பெயர் பால்ஹூட்டர். வெட்டிய மரத்தை வண்டி போக முடியாத செங்குத்தில் மேலிருந்து உருட்டிக் கீழே சறுக்கவிடும் தொழிலாளிக்குப் பெயர் அது. உருண்டு வரும் மரத்தின் பாதையில் ஒருவன் நின்றுவிட்டால் முடிந்தது கதை. ஒரு சறுக்குத் தடத்தின் பெயர் ஷேயின் பழிவாங்கல், மேலே சொன்ன எஞ்சினின் பெயர்தான். லிஃப்டில் உட்கார்ந்து போகும்போது இது எனக்கு எப்போதும் நினைவு வரும்: இதே சரிவில் நூறு வருஷத்துக்கு முன்னால் மரத்தை இறக்கியவனும் சரியான கோடு எது என்று தேடித்தான் இறக்கினான். கூட்டத்தில் ரம்பத்தை முறுக்குகிற ஓர் உள்ளூர்ப் பெரியவருக்கு அது வெறும் சத்தக் கருவி இல்லை.

சரி, நிலக்கரி பத்தி எதுவும் தெரிஞ்சுக்காம போனா தப்பா?

தப்பில்லை, ஆனால் தெரிந்தால் மனிதர்கள் புரிவார்கள். 1907-இல் மோனங்கா சுரங்க வெடிப்பில் அரசுக் கணக்குப்படி 362 பேர் இறந்தார்கள், அமெரிக்காவின் மிக மோசமான சுரங்க விபத்து. 2010-இல் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர். 1921-இல் பிளேர் மலையில் சங்கம் வைக்கும் உரிமைக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு துப்பாக்கியோடு நடந்தார்கள். 1940-களின் கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் சுரங்கத்தில் இருந்தார்கள், இயந்திரம் வந்தது, தேவை குறைந்தது, இப்போது இருபதாயிரத்துக்கும் கீழே. 1950-இல் மாநிலத்தில் 20 லட்சம் பேர், 2020 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் கீழே. பேரப்பிள்ளைகள் எல்லாம் ஓஹையோவிலும் வட கரோலினாவிலும் இருக்கிறார்கள் என்று கிழவி ஒருத்தி சொன்னால் அது இந்தக் கணக்குதான்.

நம்ம நிறத்துல இருக்கிறவங்க போனா பாதுகாப்பா? கொஞ்சம் பயமா இருக்கு.

மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கவுண்டியில் மொத்தம் எட்டாயிரம் பேர்கூட இல்லை, அதில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர்கள். சின்னக் கடைக்குள் நீங்கள் நுழைந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். பல வீட்டு வாசலில் தேர்தல் பலகை இருக்கும், அது உங்களுக்குப் பிடிக்காத பலகையாகவும் இருக்கலாம். இத்தனை வருஷத்தில் எனக்கு மரியாதைக் குறைவு ஏற்பட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் பந்தயம் பார்க்க வந்த வெளியூர்க்காரரிடமிருந்து. என் அனுபவம் எல்லாருக்கும் உத்தரவாதம் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பக்கம் இது. 2021-இல் சாயங்காலம் டயர் பஞ்சர், சிக்னல் இல்லை, மனைவியும் குழந்தையும் வண்டியில். பத்து நிமிடத்தில் ஒரு பழைய டிரக் நின்றது. இறங்கியவர் ஒரு வார்த்தை பேசாமல் முதலில் தன் வண்டியைப் பின்னால் நிறுத்தி அபாய விளக்கைப் போட்டார், வளைவில் வருகிற வண்டிக்குத் தெரியட்டும் என்று. அப்புறம்தான் "என்ன ஆச்சு?" என்றார். ஸ்டெப்னி மாட்டிக் கொடுத்துவிட்டுப் பணம் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அடுத்த தடவை நீங்க யாருக்காவது நில்லுங்க" என்றார். எதிரே வரும் வண்டியோட்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், அது வணக்கம், நீங்களும் தூக்குங்கள். மனிதரைவிட அங்கே நான் பயப்படுவது மானுக்கு. அந்தி நேரத்தில் சாலையில் குதிக்கும், ஒன்று தாண்டினால் பின்னால் இன்னும் இரண்டு இருக்கும்.

சைவம் சாப்பிடுறவங்க என்ன பண்றது?

மலை உச்சியில் பீட்சா, சாலட் கிடைக்கும். கீழே சின்ன ஊர் உணவகங்களில் பீன்ஸும் சோளரொட்டியும் பிரமாதமாக இருக்கும், ஆனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பீன்ஸைப் பன்றி எலும்பு போட்டு வேகவைப்பது வழக்கம், பச்சை பீன்ஸில்கூட பேக்கன் கொழுப்பு இருக்கும். "மாமிசம் இல்லை" என்று பரிமாறுகிறவர் சொன்னால் பொய் சொல்லவில்லை, அவர்கள் கணக்கில் அது தாளிப்பு. பக்வீட் என்ற தானிய மாவில் தோசை மாதிரி ஒன்று மேப்பிள் பாகோடு தருவார்கள், கொஞ்சம் புளித்த வாசனையோடு, நமக்குப் பிடிக்கும்.

வசந்தத்தில் போனால் ரேம்ப்ஸ் என்ற காட்டு வெங்காயக் கீரையை விடாதீர்கள். பூண்டும் வெங்காயமும் சேர்ந்த வாசனை, இரண்டு நாள் வாயிலேயே இருக்கும். அதற்கென்றே ரிச்வுட் ஊரில் விருந்து நடக்கும். அசைவக்காரர்களுக்கு பெப்பரோனி ரோல்: சுரங்கத்துக்குள் கெடாமல் எடுத்துப்போக, ரொட்டிக்குள் பெப்பரோனியை (காரமான பதப்படுத்திய இறைச்சி) வைத்துச் சுட்டது. ஃபேர்மான்டில் இத்தாலியக் குடியேறிகளிடமிருந்து வந்தது, இன்று மாநிலத்தின் அடையாளம்.

ரோட்டுல அடிபட்ட மிருகத்தைச் சமைச்சுச் சாப்பிடுவாங்களாமே?

மார்லின்டன் ஊரில் செப்டம்பர் கடைசியில் ஒரு சமையல் போட்டி நடக்கிறது, அதன் பெயரிலேயே 'ரோட்கில்' (சாலையில் அடிபட்டுச் செத்த மிருகம்) என்ற வார்த்தை இருக்கிறது. சாலையில் அடிபடக்கூடிய வகை மிருகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி, அடிபட்டதாக இருக்க வேண்டியதில்லை. வேட்டையாடிய மான், அணில், கரடி இறைச்சி. தங்களைப் பற்றி ஊர் என்ன சொல்கிறதோ அதையே எடுத்துத் திருவிழாவாக்கி, வந்தவர்களுக்கு ஒரு கிண்ணம் கொடுக்கிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிச் சாப்பிடுங்கள். "இதுதான் உங்க தினசரி சாப்பாடா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வழியில இடிஞ்ச வீடு, துருப்பிடிச்ச வண்டி எல்லாம் இருக்கே, போட்டோ எடுத்தா என்ன?

எடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன். 1964-இல் ஜனாதிபதி ஜான்சன் கென்டக்கி மாநில இனெஸ் ஊரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏழ்மைக்கு எதிரான போரைப் பற்றிப் பேசினார். அந்தப் படம் நாடு முழுக்கப் போனது. அதற்குப் பின்னால் கேமராக்கள் கூட்டம் கூட்டமாக வந்தன, எல்லாம் அதே திண்ணை, அதே கிழிந்த சட்டை, அதே அழுக்குக் குழந்தையைத் தேடி. பக்கத்து வீட்டு ஆசிரியரை, நர்ஸை யாரும் எடுக்கவில்லை. கோபம் எவ்வளவு கெட்டிப்பட்டது என்றால், 1967-இல் கிழக்கு கென்டக்கியில் வாடகை வீட்டுக் குடும்பம் ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கனடாப் படக்காரர் ஒருவரை நிலச் சொந்தக்காரர் சுட்டுக் கொன்றார். கொலையை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் தங்கள் வாசல் வெளியாட்களுக்கு வேடிக்கைப் பொருள் ஆனதன் ரணம் அந்தப் பக்கத்தில் இன்னும் ஆறவில்லை.

துருப்பிடித்த வண்டி பலசமயம் உதிரிபாகத்துக்காக வைத்திருப்பது. கடை ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறவன் பழைய வண்டியைத் தூக்கிப் போட மாட்டான். மலையை எடுங்கள், மேகத்தை எடுங்கள், மனிதரை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் பெரும்பாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள், அந்தப் படம்தான் நல்ல படம்.

இவ்வளவு பெரிய பந்தயம் நடந்தா ஊருக்கு நல்ல லாபம்தானே?

அறைகள் நிரம்பும், உணவகத்தில், லிஃப்டில், தடம் வெட்டுவதில் வேலை கிடைக்கும். அந்தக் கவுண்டியில் விடுதி இல்லாவிட்டால் இளைஞர்களுக்கு இருக்கிற வழி இன்னும் குறைவு. அதேசமயம் காஸ் ஊரை நடத்திய காகித நிறுவனமும் வெளியூர் முதலாளிகளுடையது, இப்போது விடுதியை வைத்திருக்கும் ஆல்டெரா நிறுவனமும் டென்வரில் இருக்கிறது. மலை அங்கே, முடிவு எடுக்கிற மேசை வேறெங்கோ என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம்.

ஆகவே நாம் செய்யக்கூடியது: உச்சியிலேயே மூன்று நாளும் செலவழித்துவிட்டுத் திரும்பாமல் ஒரு வேளையாவது கீழே மார்லின்டனிலோ டர்பினிலோ சாப்பிடுங்கள், தேன், மேப்பிள் பாகு உள்ளூர்க்காரரிடம் வாங்குங்கள். பழைய ரயில் பாதையில் போகும் கிரீன்பிரையர் ஆற்றோரத் தடம் 78 மைல், சமதளம், டவுன்ஹில் வேண்டாம் என்கிற அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாம்.

அடிபட்டா என்ன பண்ணுவீங்க?

மலையில் முதலுதவிக் குழு இருக்கும், தடத்தில் ஆங்காங்கே நிற்பார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பல மணி நேர மலைப்பாதை, இல்லையென்றால் ஹெலிகாப்டர், மேகம் மூடினால் அதுவும் கிடையாது. எனவே காப்பீட்டு அட்டை கையில், தனியாக ஓட்டக் கூடாது, நாள் முடியும் கடைசி ஓட்டத்தில் வேகம் காட்டக் கூடாது. நான் மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டது கடைசி ஓட்டத்தில்தான், கை களைத்துப்போய் பிரேக்கை அரை நொடி தாமதமாகப் பிடித்தேன். தொடக்கக்காரர்கள் பச்சைக் குறியிட்ட தடத்திலேயே முதல் நாளை முடியுங்கள்.

2024-ல உலகக்கோப்பை அங்க நடக்கலையே, இனிமே போய் என்ன பார்க்க?

2019, 2021, 2022, 2023 ஆகிய நாலு வருஷம் நடந்தது, 2024 அட்டவணையில் ஸ்னோஷூ இல்லை. தடங்கள் அங்கேயேதான் இருக்கின்றன, கோடை முழுக்க லிஃப்ட் ஓடும். பந்தயமே பார்க்க வேண்டுமானால் அப்பலாச்சிய மலைத்தொடரில் வேறு இடங்களும் உண்டு. டென்னசியில் ஆலிவர் ஸ்பிரிங்ஸ் பக்கம் விண்ட்ராக், நிலக்கரி வெட்டிய மலையில் அமைத்த பூங்கா, லிஃப்டுக்குப் பதில் வண்டியில் ஏற்றிப் போவார்கள், செங்குத்து அதிகம். வர்ஜீனியாவில் மாசனட்டன். டவுன்ஹில் சவுத்ஈஸ்ட் என்ற வட்டாரத் தொடரில் பள்ளிப் பிள்ளைகளும் உலகக்கோப்பை வீரர்களும் ஒரே நாளில் ஒரே தடத்தில் இறங்குவார்கள்.

நான் போன கோடையில் போனபோது கூட்டமே இல்லை. பால்ஹூட்டர் லிஃப்டில் பக்கத்தில் பன்னிரண்டு வயசுப் பையன் ஒருவன், உள்ளூர்ப் பிள்ளை, சைக்கிளில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. உலகக்கோப்பைத் தடத்தில் பெரிய பாறைக்கு இடப்பக்கம் ஒரு கோடு இருக்கிறது, வந்த வீரர்களில் நிறையப் பேருக்கு அது தெரியவே இல்லை என்றான். எங்கே என்று கேட்டேன். மேலே போனதும் சைக்கிளை இறக்கிவிட்டு, "என் பின்னாடி வாங்க, மெதுவாத்தான் போவேன்" என்றான்.